மூன்றாம் தண்ணீர்

அழகப்பன் சிகரெட்டை இரண்டு தடவை விட்டான். முதல் தடவை 1950இல், பெற்ற மகளின் தலையில் கைவைத்து, கோவிலில் நாலு பேர் பார்க்க விட்டான். அது பொய்யாய்ப் போயிற்று. இரண்டாம் தடவை 1958இல், பெண்டாட்டிக்குக்கூடத் தெரியாமல் விட்டான். அது நிஜம். வந்த வினையெல்லாம் அந்த நிஜத்தால் வந்தது என்பதுதான் கொடுமை.

முதல் தடவை நடந்தது இப்படி. மகள் லீலாவுக்கு அப்போது பதினாலு மாதம். காய்ச்சல் உச்சிக்கு ஏறி வலிப்பு வந்து, மூன்று நாளாகக் குழந்தை கண்ணைச் சரியாகத் திறக்கவில்லை. டாக்டர் கொடுத்த மருந்து ஒரு பக்கம் இருக்க, அவன் மனைவி ரத்தினம்மா பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, இவனையும் இழுத்துக்கொண்டு போய் மாரியம்மன் சந்நிதியில் நிறுத்தினாள்.

“உங்களுக்கு எது ரொம்பப் பிடிக்குமோ அதை ஆத்தாவுக்கு விட்டுக் குடுங்க” என்றாள்.

அவனுக்கு மிகவும் பிடித்தது எது என்பது சிராங்கூன் ரோடு முழுக்கத் தெரிந்த விஷயம். சட்டைப்பையில் சிகரெட் இல்லாமல் அவனைப் பார்த்தவர் கிடையாது. குழந்தையின் கொதிக்கிற தலையில் கைவைத்தான். “இனிமே தொட மாட்டேன்” என்றான். மறுநாள் விடியும்போது காய்ச்சல் இறங்கியிருந்தது. அன்றிலிருந்து ரத்தினம்மாவுக்கு அந்தச் சத்தியமும் குழந்தையின் மூச்சும் ஒன்றாகிவிட்டன.

பதினோரு நாள் தாங்கினான். பாவம், உண்மையாகவே தாங்கினான். செம்பவாங் கடற்படைத் தளத்தில் ஸ்டோரில் சாமான் எடுத்துக் கொடுக்கிற வேலை அவனுக்கு. பன்னிரண்டாம் நாள் மத்தியானம், சாப்பாட்டுக்குப் பிறகு, கூட்டாளி சாகுல் ஹமீது பாதி பிடித்த சிகரெட்டைப் பழக்கதோஷத்தில் அவன் பக்கம் நீட்டினார். இவனும் பழக்கதோஷத்தில் வாங்கிவிட்டான். ஒரு தம் இழுத்த பிறகுதான் சத்தியம் நினைவுக்கு வந்தது. இழுத்ததை இழுத்தாயிற்று, மிச்சத்தை வீணாக்குவானேன் என்று முடித்தான். குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. மறுநாளும் பிடித்தான், அன்றும் ஒன்றும் ஆகவில்லை. இப்படியே எட்டு வருஷம் ஓடிற்று.

சிகரெட் பிடிப்பதற்கு அவன் பட்ட பாட்டைவிட அதை மறைப்பதற்குப் பட்ட பாடுதான் பெரிது. ஸ்டோருக்குப் பின்னால் ஒரு கொய்யா மரம் நின்றது. வேலை முடிந்ததும் நாலு கொழுந்து இலை பறித்து மென்று துப்புவான். பஸ்ஸில் ஏறியதும் இரண்டு கிராம்பு. சோப்புப் போட்டு விரல் விரலாய்த் தேய்ப்பான். ஒருநாளும் அகப்பட்டதில்லை என்று அவனுக்குள் ஒரு பெருமைகூட இருந்தது. எதற்கெல்லாம் மனுஷன் பெருமைப்படுகிறான், பாருங்கள்.

லீலாவுக்கு ஒன்பது வயதானபோது பள்ளிக்கூடத்தில் ‘என் தந்தை’ என்று பேசச் சொன்னார்கள். அவர்கள் குடியிருந்தது எருமைச் சாலைக்குப் பக்கத்தில் ஒரு கடைவீட்டு மாடியில், ஒரே அறை. அவன் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது பிள்ளை சுவரைப் பார்த்து நின்று, உரத்த குரலில் ஒத்திகை பார்த்தது. “என் தந்தையார் என் உயிரைக் காப்பதற்காகத் தம் தீய பழக்கத்தை அன்றே கைவிட்டார். சொன்ன சொல் தவறாதவர் அவர்.”

அவன் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டான். ரத்தினம்மா இவனைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை வெகுகாலம் கழித்துத்தான் அவன் சரியாகப் புரிந்துகொண்டான்.

மறுநாள் காலை சிகரெட் டின்னை அப்படியே சாகுல் ஹமீதின் கையில் வைத்தான்.

“என்ன அழகு, உடம்புக்கு ஆகலையா?”

“விட்டுட்டேன் லா.”

“எப்போலேருந்து?”

“எட்டு வருஷத்துக்கு முன்னாடியே. இன்னைக்குத்தான் செய்றேன்.”

சாகுல் ஹமீதுக்கு ஒன்றும் விளங்கவில்லை. டின்னில் முப்பதுக்கு மேல் இருந்ததால் அவர் விளக்கமும் கேட்கவில்லை.

விட்டுவிட்டால் மனசு லேசாகும், உடம்பு தெளியும் என்று யார் இவனுக்குச் சொன்னார்களோ தெரியாது. நடந்தது நேர்மாறு. முதலில் தூக்கம் போயிற்று. பாயில் புரண்டு புரண்டு படுத்தான். கீழ்த்தெருவில் பால்காரன் மணி கேட்கிற வரைக்கும் கண் எரிந்துகொண்டு விழித்துக் கிடப்பான். பகலில் யார் எது பேசினாலும் எரிச்சல். வாய் சும்மா இருக்க மாட்டேன் என்றது. பழைய கொய்யா இலையையும் கிராம்பையும் முன்னைவிட இரண்டு பங்காய் மென்றான். ஒருநாள் குழம்பில் உப்பு குறைந்தது என்று தட்டைத் தூக்கி அடித்தான். கல்யாணமாகி அவன் தட்டை எறிந்தது அதுதான் முதல் முறை. லீலா பயந்துபோய் மூலையில் ஒண்டிற்று. ரத்தினம்மா சோற்றைக் கூட்டி அள்ளினாள்.

ஒன்பதாம் நாள் நெற்றியில் இரண்டு கொப்புளம் தெரிந்தது. அடுத்த நாள் கன்னம், தாடை, கழுத்து. அதற்கடுத்த நாள் முதுகெல்லாம் சிவப்புச் சிவப்பாய்ப் பொரிந்து, சில சீழ் கோத்து நின்றன. சட்டை உரசினால் உயிர் போயிற்று. தளத்து மருந்தகத்தில் எட்மண்ட் என்ற டிரஸ்ஸர் இருந்தார், காயத்துக்குக் கட்டுப்போட்டு, சின்னச் சின்ன வியாதிக்கு மருந்து கொடுக்கிறவர். அவர் இவன் முகத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

“புதுசா ஏதாவது சாப்பிட்டீங்களா?”

“இல்ல. சிகரெட்டை விட்டேன். பத்து நாள் ஆச்சு.”

“தூக்கம்?”

“கண்ணை மூடினா திறந்துக்குது.”

எட்மண்ட் சிரித்தார். “என் மச்சானுக்கும் இதே மாதிரிதான் வந்தது. விட்ட கொஞ்ச நாளுக்குச் சிலருக்கு உடம்பு இப்படி ஆட்டங் காட்டும். காய்ச்சல் கிடையாது, கண்ணு தெளிவா இருக்கு. அம்மை கிம்மைன்னு பயப்படாதீங்க. ரெண்டு மூணு வாரத்துல எல்லாம் அடங்கிடும். மறுபடி மட்டும் பத்த வெச்சிடாதீங்க.” ரோஜா நிறத்தில் பூச்சு மருந்து ஒரு பாட்டில் கொடுத்தார். மேலதிகாரியிடம் சொல்லி ஒரு வாரம் லீவும் வாங்கிக் கொடுத்தார்.

இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மாடிப்படி ஏறுவதற்கு முன்பே, அது அம்மை இல்லை என்று அவனுக்குத் தெரியும்.

ஆனால் மாடிப்படி வாசலில் வேப்பிலைக் கொத்து தொங்கிற்று. காலையில் அவன் சட்டை மாற்றும்போது முதுகைப் பார்த்துவிட்டு ரத்தினம்மா கோவிலுக்கு ஓடி, தீர்த்தமும் வேப்பிலையும் வாங்கி வந்து, வீட்டைக் கழுவி, தாளிக்கிற சட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, இவனுக்காகக் கைகூப்பியபடி நின்றாள்.

“ஆத்தா வந்திருக்கா” என்றாள் மெல்லிய குரலில். “ராத்திரி தூங்காம புரண்டப்பவே நெனச்சேன். கோவம் வந்தப்பவும் நெனச்சேன். உள்ள சூடு ஏறினா அப்படித்தான். படுங்க. சொறியாதீங்க.”

“ரத்தினம், இது...” என்று ஆரம்பித்தான்.

‘இது’ என்ன என்று சொல்ல வேண்டும். சிகரெட்டை விட்டதால் வந்தது என்று சொல்ல வேண்டும். எப்போது விட்டீங்க என்று கேட்பாள். பத்து நாள் முன்னாடி என்று சொல்ல வேண்டும். பக்கத்தில் லீலா நின்றது, எண்ணெய் வைத்து இரட்டைச் சடை பின்னின தலையோடு. எட்டு வருஷம் அந்தத் தலையை வைத்துச் சூதாடியிருக்கிறேன் என்று அந்தத் தலையின் முன்னாலேயே சொல்ல வேண்டும்.

வாயை மூடிக்கொண்டு படுத்தான். கொல்லைக்குப் போகிற சாக்கில் மருந்து பாட்டிலைச் சாக்கடையில் கொட்டினான். வீட்டில் மருந்து இருந்தால் கேள்வி வருமே.

முதல் இரண்டு நாள், உண்மையைச் சொல்ல வேண்டுமானால், அவனுக்குச் சுகமாகவே இருந்தது. பாய்க்குக் கீழே குளுகுளுவென்று வேப்பிலை. வேளைக்கு இளநீர், மோர்க் கஞ்சி. அவன் சிடுசிடுத்தால் அவளே கன்னத்தில் போட்டுக்கொண்டு, “தப்பு இருந்தா மன்னிச்சுக்க தாயி” என்பாள். பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்பவில்லை. அவள் வாசற்படி தாண்டவில்லை. தேக்கா மார்க்கெட் சாமானைக் கீழ்க்கடைக்காரர் படியில் வைத்துவிட்டுப் போனார். அரிப்பெடுத்த இடத்தில் வேப்பங்கொழுந்தால் அவள் தடவிக்கொடுக்கும்போது, சொல்லாமல் இருப்பதே நல்லது, ஒருவருக்கும் நஷ்டமில்லையே என்று அவன் தன்னைத் தானே சமாதானப்படுத்திக்கொண்டான். அம்மை இறங்க மூன்று தடவை வேப்பிலைத் தண்ணீர் ஊற்றுவார்கள்; ஏழாம் நாள் அந்த மூன்றாம் தண்ணீர் தலைக்கு ஊற்றிவிட்டால் எல்லாம் முடிந்துவிடும். நஷ்டம் எந்த வழியாக வரும் என்று அவனுக்கு எப்படித் தெரியும்?

மூன்றாம் நாள் காலை முதல் தண்ணீர் ஊற்றியாயிற்று. பதினோரு மணி வாக்கில் கீழே அஞ்சடி நடைபாதையிலிருந்து யாரோ கூப்பிட்டார்கள்.

“ரத்தினம்! ஏ, ரத்தினம்!”

அவளுடைய அக்கா தங்கத்தின் புருஷன் இராமசாமி. சுவா சூ காங்கில் காய்கறித் தோட்டம் போட்டிருப்பவர். வேப்பிலையைப் பார்த்துவிட்டுப் படியில் கால் வைக்காமல் தெருவிலேயே நின்றுவிட்டார். ரத்தினம்மா சன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். அழகப்பன் சன்னலுக்கு அடியில் பாயில் கிடந்தான். இரண்டு பேர் பேசியதும் ஒரு சொல் விடாமல் அவன் காதில் விழுந்தது.

“யாருக்கும்மா?”

“இவருக்குத்தான் அத்தான். முத்து போட்டிருக்கு. மேல வராதீங்க.”

“நல்லபடியா இறங்கட்டும் தாயி.” ஒரு தடவை செருமினார். “அக்காவை ஆஸ்பத்திரியில வீட்டுக்குக் கொண்டு போகச் சொல்லிட்டாங்க ரத்தினம். வயித்துல கட்டி பெருசாயிடுச்சாம். இனிமே ஒண்ணும் பண்றதுக்கில்லையாம். கண்ணைத் திறந்தா, சின்னவ வந்தாளான்னு கேக்குறா. உன்னைக் கையோட கூட்டிட்டுப் போகத்தான் வந்தேன்.”

தங்கம் வெறும் அக்கா இல்லை. ரத்தினம்மாவுக்கு நாலு வயதில் தாய் தவறிவிட்டாள். பன்னிரண்டு வயது மூத்த தங்கம்தான் தங்கையை இடுப்பில் வைத்துக்கொண்டு புருஷனோடு கப்பல் ஏறி இந்த ஊருக்கு வந்தாள். வளர்த்து, தலைபின்னி, மாப்பிள்ளை பார்த்து, இந்த அழகப்பன் கையில் பிடித்துக் கொடுத்தவள் அவள். போன மாதம் ஆஸ்பத்திரியில் பார்த்தபோதுகூட, “ஆபரேஷன் பண்ணா சரியாயிடுமாம்டி” என்று சிரித்திருக்கிறாள்.

ரத்தினம்மாவின் கை சன்னல் சட்டத்தை இறுக்கிப் பிடித்திருந்ததைக் கீழிருந்து அழகப்பன் பார்த்தான்.

“ஆத்தாவை விட்டுட்டு எப்படி அத்தான் படி தாண்டுறது?” என்றாள். “அந்த உடம்புகிட்ட இங்கேருந்து எப்படி வர்றது? இன்னும் நாலு நாள். மூணாந் தண்ணி ஊத்தின கையோட ஓடி வந்துடுறேன். நாலே நாளுன்னு அக்காகிட்ட சொல்லுங்க.”

“சொல்றேன் தாயி.”

அம்மை கண்ட வீட்டில் போய்வருகிறேன் என்று சொல்லக்கூடாது. இராமசாமி சொல்லாமல் நடந்தார். அவர் செருப்புச் சத்தம் முனைவரைக்கும் கேட்டது.

அழகப்பன் எழுந்து உட்கார்ந்தான். இப்போதுகூட ஓடிப்போய்க் கூப்பிட்டால் மனுஷன் திரும்பியிருப்பார்.

“ரத்தினம், நீ போயிட்டு வா” என்றான். “என்னைப் பத்திக் கவலைப்படாதே. நான் சொல்றேன்ல, போ.”

“என்ன பேச்சு பேசுறீங்க? வந்திருக்கிறது யாருன்னு தெரியுமா?”

“இது அம்மையாவே இல்லாம இருந்தா?”

அவள் ஓடிவந்து அவன் வாயைப் பொத்தினாள். வேப்பிலையும் மஞ்சளும் மணத்த கை. “உங்களைக் கும்பிடுறேன், அப்படிச் சொல்லாதீங்க. பிள்ளை இருக்கிற வீடு” என்றாள்.

அந்தக் கையை விலக்கிவிட்டு ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். ஒரே ஒரு வாக்கியம். அவன் சொல்லவில்லை. ‘போ என்று நான் சொன்னேன், அவள்தான் போகவில்லை’ என்று பிற்பாடு பல வருஷம் தனக்குத் தானே வாதாடினான். எந்த நாற்காலியில் உட்கார்ந்து எந்த நீதிபதி அதைக் கேட்டாலும் சிரிப்பார். பாதி உண்மையைச் சொல்லிவிட்டு மீதியை அவளாகக் கண்டுபிடிக்கட்டும் என்று விட்டவன் அவன். கோழை என்பதைத் தவிர வேறு நல்ல பெயர் எனக்குத் தெரியவில்லை.

நாளைக்குச் சொல்லலாம் என்று நாலாம் நாள் போயிற்று. ஐந்தாம் நாள் இரண்டாம் தண்ணீர். தலையில் மஞ்சள் நீரை ஊற்றிக்கொண்டே அவள் முணுமுணுத்தாள், “இன்னும் ஒண்ணுதான்.” இராத்திரிகளில் அவனுக்குத் தூக்கமில்லை, அவளும் தூங்கவில்லை. அவன் பக்கத்தில் உட்கார்ந்து வேப்பிலையால் விசிறிக்கொண்டு, சுவா சூ காங்குக்கு எந்தப் பஸ்ஸில் போய் எங்கே மாறுவது, அக்காவுக்குப் பிடித்த கேழ்வரகுக் கூழை எந்தத் தூக்கில் எடுத்துப் போவது என்று தனக்குள்ளேயே பேசிக்கொண்டிருந்தாள். அவன் கண்ணை மூடித் தூங்குவதுபோல் கிடந்தான். தூக்கம் வராதவன் தூங்குவதாக நடிப்பது எவ்வளவு கஷ்டம் என்று அப்போது தெரிந்தது.

ஆறாம் நாள் சாயங்காலம் இராமசாமி அனுப்பிய ஆள் வந்து கீழே நின்றான். மேலே பார்த்துத் தயங்கினான். பிறகு சொன்னான். மத்தியானம் மூன்று மணிக்குத் தங்கம் போய்விட்டாள். நாளைக் காலை எடுக்கிறார்கள். அம்மை வீட்டுக்காரர்கள் வரவேண்டியதில்லை, சொல்லிவிட்டு வரத்தான் இராமசாமி அனுப்பினார்.

ரத்தினம்மா சன்னலைச் சாத்தினாள். ஆத்தா இருக்கிற வீட்டில் அழக்கூடாது. சாவுத் தீட்டு உள்ளே வரக்கூடாது. அவள் வாயில் முந்தானையை வைத்து அமுக்கிக்கொண்டு சுவரோரம் நின்றாள். உடம்பு மட்டும் குலுங்கிற்று. பிறகு முகத்தைக் கழுவிவிட்டு வந்து, மறுநாளைக்கு வேப்பிலையையும் மஞ்சளையும் தண்ணீர்க் குடத்தில் ஊறப்போட்டாள். “அம்மா, பெரியம்மாவுக்கு என்னம்மா?” என்று லீலா கேட்டதற்கு, “சும்மா இரு” என்றாள்.

அன்று இராத்திரி அழகப்பனுக்குத் தூக்கம் வந்தது. எட்மண்ட் சொன்ன கெடு முடிந்துவிட்டதோ என்னவோ, பதினாறு நாளாக வராத தூக்கம் பார்த்துப் பார்த்து அன்றைக்கு வந்தது. அடித்துப் போட்டாற்போல் தூங்கினான். விடிந்து கண் திறந்தபோது ரத்தினம்மா அதே இடத்தில், அதே வேப்பிலையோடு, வறண்ட கண்ணோடு உட்கார்ந்திருந்தாள். அவன் வாழ்நாளில் வெட்கப்பட்டது பல தடவை. அந்தக் காலையைப்போல் ஒரு தடவையும் இல்லை.

மூன்றாம் தண்ணீர் ஊற்றும்போது சுவா சூ காங்கில் தங்கத்தைத் தூக்கியிருப்பார்கள். கொப்புளங்கள் வாடியிருந்தன. அவள் கைகூப்பி, “தாயே, பத்து வருஷம் உனக்குப் பால்குடம் எடுக்கிறேன்” என்று வேண்டிக்கொண்டாள்.

எடுத்தாள். ஒரு வருஷம் தவறவில்லை. அழகப்பனும் அதற்கப்புறம் சிகரெட்டைத் தொடவில்லை. கொய்யா இலையும் மறந்துபோயிற்று. ஒவ்வொரு வருஷமும் மஞ்சள் சேலை கட்டி, வெயிலில் கொதிக்கிற தார் ரோட்டில் வெறுங்காலோடு அவள் நடப்பாள். அவன் தண்ணீர்ச் செம்போடு பின்னால் போவான். எதற்காக நடக்கிறாள் என்று அவனுக்கு மட்டும் தெரியும், அல்லது தெரியும் என்று நினைத்துக்கொண்டான்.

1968இல் தோ பாயோவில் அடுக்குமாடி வீடு கிடைத்துக் குடிபோனார்கள். வெள்ளைக்காரன் தளத்தை மூடிவிட்டுப் போகப்போகிறான் என்று செம்பவாங் முழுக்க ஒரே பேச்சாயிருந்த நேரம். லீலா தாதிப் பயிற்சியில் சேர்ந்து விடுதியில் இருந்தாள். ரத்தினம்மாவுக்கு முட்டிவலி, மாடி ஏறினால் உட்கார்ந்துவிடுவாள். பத்தாம் பால்குடத்துக்கு முந்தின நாள் சாயங்காலம், கூடத்தில் கால் நீட்டி உட்கார்ந்து பித்தளைக் குடத்தைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். வீங்கின முட்டிக்கு எண்ணெய் தடவித் துணி சுற்றியிருந்தது.

அந்தத் துணியைப் பார்க்க அவனுக்குப் பொறுக்கவில்லை.

“ரத்தினம், நாளைக்கு நீ எடுக்க வேண்டாம்.”

“இதுதாங்க கடைசி. நடந்துடுவேன்.”

“அதுக்கில்ல. அன்னைக்கு எனக்கு வந்தது அம்மை இல்ல.”

அவள் தேய்ப்பதை நிறுத்தவில்லை. அவன் நின்றபடியே, மூச்சு விடாமல், தப்பும் தவறுமாகச் சொன்னான். “சிகரெட்டை நிறுத்தினதால வந்த கொப்புளம் அது. டிரஸ்ஸர் சொன்னாரு. எனக்கு அன்னைக்கே தெரியும். லீலா தலையில சத்தியம் பண்ணிட்டு எட்டு வருஷம் உனக்குத் தெரியாம பிடிச்சேன். அதைச் சொல்ல வேண்டி வருமேன்னுதான் சொல்லல. அக்கா கூப்பிட்டு விட்டப்பகூடச் சொல்லல.”

ரத்தினம்மாவின் கை நின்றது.

“பிடிச்சது எனக்குத் தெரியும்” என்றாள். “நிறுத்தினதுதான் தெரியாது.”

அவனுக்கு முதலில் காதில் ஏறவில்லை.

“தினமும் கொய்யா இலை மென்னுட்டு வீட்டுக்கு வர்ற ஆம்பளை இந்த ஊருல வேற யாரு இருக்கா? மொத மாசமே தெரியும்.”

“ஏன் கேக்கல?”

“கேட்டா இல்லைன்னு சொல்வீங்க. திரும்பவும் பிள்ளை தலையில கை வெப்பீங்க. அதுக்குப் பயந்துதான் கேக்கல.” குடத்தைப் பார்த்துக்கொண்டே பேசினாள். “நிறுத்தினப்பவும் அதே இலைதானே மென்னீங்க, முன்னையவிட அதிகமா. எனக்கு எப்படித் தெரியும்? முத்து போட்டதும், சத்தியத்தை மீறினதுக்கு ஆத்தா கேக்க வந்துட்டான்னு நெனச்சேன். நான் படி தாண்டினா லீலாவை எடுத்துக்குவான்னு உக்காந்திருந்தேன். அக்கா போனதும், சரி, அக்காவை எடுத்துக்கிட்டு உங்க ரெண்டு பேரையும் எனக்கு விட்டுட்டான்னு நெனச்சேன். அப்புறம் நீங்க பிடிக்கவும் இல்ல. அவதான் திருத்தினான்னு நெனச்சேன். பத்து வருஷம் அப்படி நெனச்சுத்தான் நடந்தேன்.”

அவன் சுவரில் சாய்ந்தான். தன் பொய் அவளிடமிருந்து அக்காவைப் பிரித்தது என்று மட்டும் இத்தனை நாள் எண்ணியிருந்தான். இன்றைக்குச் சொன்ன மெய், அவள் கையில் மிச்சமிருந்த ஒன்றையும் பிடுங்கிக்கொண்டது. தங்கம் ஒன்றுக்கும் ஈடாகப் போகவில்லை. சும்மா போயிருக்கிறாள், தங்கையைக் கேட்டுக் கேட்டு. சொல்லியிருக்க வேண்டிய நாளில் சொல்லாதவனுக்குச் சொல்லாமல் இருக்க வேண்டிய நாளும் தெரியவில்லை.

“அப்போ அன்னைக்கு வீட்டுல ஆத்தா இல்லையா?” என்று கேட்டாள் ரத்தினம்மா.

“இல்ல.”

புளிச் சக்கையைக் கீழே வைத்தாள்.

“அப்போ நான் அழுதிருக்கலாம்.”

குடத்தை மெல்ல நகர்த்தி வைத்தாள். புளி ஒட்டின கையாலேயே மார்பில் அடித்துக்கொண்டு, “அக்கா! என்னைப் பெத்த அக்கா!” என்று கத்தினாள். தலைமுடி அவிழ்ந்து விழுந்தது. சாவு வீட்டில் அழுகிற அழுகை அது, நேற்றுப் போனவளுக்கு அழுவதுபோல். ஒரு சுற்று ஓய்ந்து மூச்சு வாங்கினால், “நாலே நாளுன்னேனே, பாவி!” என்று அடுத்தது எழும்பிற்று. அவன் கிட்டப் போகக் கையை நீட்டினான். அவள் பார்க்கவில்லை.

நடைபாதையில் கதவுகள் திறந்தன. அடுத்த வீட்டு ரோசம்மா, மாதா கோவிலிலிருந்து அப்போதுதான் திரும்பியவள், தலையில் முக்காடோடு ஓடிவந்தாள். அழகப்பன் வாசலுக்கு வெளியே வந்து நின்றான்.

“ஐயோ, என்னாச்சு அண்ணே? யாரு தவறிட்டாங்க?”

“அவ அக்கா.”

“மாதாவே! எப்போ?”

பொய் சொல்லிப் பழகின வாய். நேற்று என்று சொல்லியிருந்தால் தீர்ந்துபோயிருக்கும். அவனுக்கு அது வரவில்லை.

“பத்து வருஷம் ஆச்சும்மா” என்றான்.

ரோசம்மா அவன் முகத்தை ஒரு தடவை பார்த்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், ரத்தினம்மாவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, தோளோடு கட்டிக்கொண்டாள். தங்கத்தை அவள் கண்டதுகூட இல்லை. அவளும் சேர்ந்து அழுதாள்.

அழகப்பன் வாசற்படியைத் தாண்டவில்லை. வெளியே, ரோசம்மாவின் செருப்புக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான்.